மொரீஷியஸில் எந்தக் கரையில் தங்குவது?

போன வாரம் அத்தான் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். மொரீஷியஸ், 6 இரவு 7 பகல். பெல் மார் கடற்கரையில் ஐந்து நட்சத்திர ரிசார்ட், காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேர்த்து. நடுவில் 'தெற்குச் சுற்றுலா' ஒரு நாள், 'வடக்குச் சுற்றுலா' ஒரு நாள், தீவுக்குப் படகு ஒரு நாள். கீழே ஒரு வரி: "மாப்ள, நீதான் ரெண்டு தடவ போயிருக்கியே, இது சரியா வருமான்னு பாத்துச் சொல்லு."

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஆட்கள் முதலில் ஹோட்டலைப் பிடிக்கிறார்கள். ஹோட்டல் எந்தக் கரையில் இருக்கிறதோ அதுவே அவர்கள் பார்க்கும் மொரீஷியஸ் ஆகிவிடுகிறது. முதலில் கரை, அப்புறம் ஹோட்டல் என்று தலைகீழாகச் செய்யவேண்டிய ஊர் அது. தீவு மேலிருந்து கீழ் 65 கிலோமீட்டர், குறுக்கே 45. வரைபடத்தில் பார்த்தால் எங்கே தங்கினாலும் எல்லாம் பக்கம்தானே என்று தோன்றும். காரில் ஏறினால் தெரியும். கரும்புத் தோட்டம், சின்ன ஊர், ரவுண்டானா, மறுபடி கரும்புத் தோட்டம் என்று சாலை நெளிந்து நெளிந்து போகும். காலையிலும் மாலையிலும் தலைநகர் போர்ட் லூயிஸைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வட முனையில் தங்கிக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போய்வந்தால் போக்குவரத்திலேயே ஏறக்குறைய நாலு மணி நேரம் கரையும்.

அதற்கும் முன்னால் அக்கா கேட்டது ஒன்று இருக்கிறது. "கடல் பாக்கத்தானே போறோம்? மாலத்தீவு பக்கமாச்சே?" நியாயமான கேள்வி. கடல் மட்டும் போதுமென்றால் மாலத்தீவுக்கே போகலாம். தூரமும் குறைவு, தண்ணீரும் இன்னும் தெளிவு. உருண்டை உருண்டையான கருங்கல் பாறைகளும் அவற்றினடியில் வெள்ளை மணலுமாகக் கடற்கரையின் அழகுதான் கணக்கு என்றால் சீஷெல்ஸ். பணம் கூடுதலாகச் செலவாகும். மொரீஷியஸ் ஜெயிப்பது கரைக்கு உள்ளே. அந்தத் தீவில் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. இன்று அங்கே இருக்கிற ஒவ்வொருவரின் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள், அல்லது கொண்டுவரப்பட்டவர்கள். டச்சுக்காரர்கள் 1598-இல் வந்து தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரை வைத்தார்கள். 1638-இல் குடியேறி ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள். டோடோ பறவையை ஒழித்துவிட்டு 1710-இல் மூட்டை கட்டினார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1810-இல் ஆங்கிலேயர்கள், 1968 மார்ச் 12-இல் விடுதலை. கரும்பு இன்னும் நிற்கிறது. மான்கறி இன்னும் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. இதையெல்லாம் கொஞ்சமாவது பார்க்க ஆசையிருந்தால்தான் மொரீஷியஸ். அந்த ஆசை இருந்தால் பெல் மார் ரிசார்ட் தப்பு.

கிழக்கு: அழகான வேலி

பெல் மார் கடற்கரை மோசமென்று யாரும் சொல்லமுடியாது. நீண்ட வெள்ளை மணல், சவுக்குத் தோப்பு, பவளத்திட்டுக்கு உள்ளே பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். சிக்கல் இரண்டு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்கிழக்குக் காற்று நேராக இந்தக் கரையில்தான் வந்து மோதும். கடலில் இறங்க மனசே வராது. இன்னொன்று, ரிசார்ட் வாசலைத் தாண்டினால் நடந்துபோய்ச் சேர ஒன்றும் இல்லை. ஒரு டீ குடிக்கக்கூட டாக்ஸி. ஆறு இரவும் அதே பஃபே, அதே நீச்சல் குளம்.

பிடிஎஃப்காரர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸில் கடற்கரை முழுக்கப் பொதுச்சொத்து. அலை ஏறும் எல்லைவரை மணலில் யாரும் நடக்கலாம், குளிக்கலாம். எந்த ரிசார்ட்டும் தடுக்கமுடியாது. இல் ஓ செர்ஃப் தீவுக்கும் ட்ரூ தோ தூஸ் என்ற ஊரில் போய் நாமே படகு ஏறிக்கொள்ளலாம். ஆக அந்த விலையில் நாம் வாங்குவது கடலை அல்ல, வேலியை. தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு வேலிதான் வேண்டுமென்றால், சரி. அக்கா குடும்பத்தில் 9 வயது, 13 வயதுப் பிள்ளைகள் இரண்டு, கூட அத்தானின் அம்மா. அவர்களுக்கு வேலி எதற்கு?

வடக்கு: சுலபம்

குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய முடிவு வடக்கு. கிராண்ட் பே ஊருக்கு நடுவில் மட்டும் வேண்டாம். கடைகளும் வண்டிகளும் இரைச்சலும்தான். அதன் இரண்டு பக்கமும் இருக்கிற பெரேபேர், மோன் ஷுவாஸி, ட்ரூ ஓ பிஷ், இந்த மூன்றில் ஒன்றில் அடுப்படி வசதியுள்ள அபார்ட்மெண்ட் எடுங்கள். கடல் குளம் மாதிரி கிடக்கும். சின்னப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் கிடக்கலாம். காலுக்கு ஒரு ரப்பர் செருப்பு மட்டும் போட்டுவிடுங்கள், பவளத் துண்டும் கடல் முள்ளெலியும் குத்தும். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். அத்தை சைவம், அவருக்கு இதுவே பாதி நிம்மதி.

வடக்கின் உண்மையான லாபம் ஆனால் பேருந்துதான். அங்கிருந்து போர்ட் லூயிஸுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். பஸ் போய் நிற்கும் இடத்தின் பெயர் 'இமிக்ரேஷன் ஸ்குவேர்'. பஸ் ஸ்டாண்டுக்கு எதற்கு இப்படி ஒரு பெயர் என்று முதல் தடவை நான் யோசிக்கவே இல்லை. இறங்கி, சாலையைத் தாண்டிக் கல் கட்டடங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆப்ரவாசி கட். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை இறக்கி, எண் போட்டு, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிய இடம்.

ஆங்கிலேயர் 1835 பிப்ரவரி 1-ஆம் தேதி இங்கே அடிமை முறையை ஒழித்தார்கள். 20 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தார்கள், அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? அதற்கு முந்தைய வருஷமே, 1834 நவம்பர் 2-ஆம் தேதி, 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. கூலிக்கு ஆள் பிடித்துவந்து தோட்டம் நடத்த முடியுமா என்ற சோதனைக்கு ஆங்கிலேயர் இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். முடியும் என்று தெரிந்ததும் கயானா, டிரினிடாட், நேட்டால், பிஜி என்று அதே ஏற்பாடு பரவியது. இந்தத் துறை வழியாக மட்டும் நாலரை லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்துக்காரர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் நிறைய. கடலிலிருந்து ஏறிவரும் கல் படிகள் இன்றும் இருக்கின்றன. கடலைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டதால் படிகள் தண்ணீரைத் தொடுவதில்லை. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பக்கத்திலேயே நல்ல அருங்காட்சியகம் உண்டு. ஞாயிறு மூடியிருக்கும், ரிசார்ட் பேக்கேஜில் 'வடக்குச் சுற்றுலா' ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் போச்சு.

அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, 2023-இல் திறந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே நாளில், இந்த வரிசையில்தான் பார்க்கவேண்டும் என்பேன். நம் ஆட்கள் ஆப்ரவாசி கட்டில் கண்கலங்கிவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்களின் கதையைப் பார்க்காமலே கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்கள்.

துறைமுகச் சதுக்கத்தில் லா பூர்தொன்னே என்ற பிரெஞ்சு ஆளுநருக்குச் சிலை உண்டு. போர்ட் லூயிஸை ஒரு நகரமாக எழுப்பியவர் அவர். கட்டட வேலைக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார்; அட்லஸ் கப்பலுக்கு நூறு வருஷம் முந்திய கதை இது. 1746-இல் மொரீஷியஸில் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்து சென்னை ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தவரும் இதே ஆள்தான். சிலைக்கு அடியில் நின்று இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சரித்திர வாத்தியார் சொன்னதைவிட நன்றாக மண்டையில் ஏறும்.

வடக்கில் இன்னும் பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம் (தாம்பாளம் மாதிரி விளிம்பு தூக்கிய ராட்சத அல்லி இலைகள், காலையில் போங்கள்), அதையொட்டிப் பழைய சர்க்கரை ஆலையில் அமைத்த அருங்காட்சியகம். இரண்டும் சேர்த்து ஒரு நாள்.

மேற்கு: கால் தெம்பு இருந்தால்

மழை குறைவு, காற்று குறைவு, சூரியன் கடலில் இறங்குவதைத் தினமும் பார்க்கலாம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், தமரேன், லெ மோர்ன் எல்லாம் இந்தப் பக்கம். மலை ஏறுகிறவர்கள், கார் ஓட்டத் தயங்காதவர்கள், இரண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து போகிறார்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம். தீவின் உயரமான சிகரம் 828 மீட்டர். அதைச் சுற்றியிருக்கும் பிளாக் ரிவர் காட்டில் நாள் முழுக்க நடக்கலாம்.

லெ மோர்ன் மலையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். கடலோரத்தில் 556 மீட்டருக்குச் செங்குத்தாக நிற்கிற பாறை. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் அதன் மேலே ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் விடுதலைச் செய்தி சொல்ல மேலே ஏறிய சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, சிலர் கீழே குதித்துவிட்டார்கள் என்பது அங்கே வாய்வழியாக வருகிற கதை. 2008-இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. ஏற முடியாதவர்கள் கீழே கடற்கரையில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

ஷமரேல் 'ஏழு வண்ண மண்' படத்தில் பிரமாதமாக இருக்கும், நேரில் 20 நிமிஷ வேலை. பக்கத்து அருவியோடு சேர்த்துப் பார்த்துவிட்டுக் கங்கா தலாவ் ஏரிக்குப் போனால் அத்தைக்குச் சந்தோஷம். 33 மீட்டர் சிவன் சிலை வாசலில் நிற்கிறது. மகா சிவராத்திரி சமயத்தில் தீவின் எல்லா மூலையிலிருந்தும் இந்த ஏரிக்கு நடந்தே வருவார்கள், சாலை நிரம்பிவிடும். தமரேனில் டால்பின் காட்டப் படகுகள் கூட்டிப்போகிறார்கள். நான் ஒரு தடவை போனேன். நாலு டால்பினைப் பத்துப் பதினைந்து படகுகள் துரத்திக்கொண்டிருந்தன. அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது செய்யலாம்.

தென்கிழக்கு: என் ஓட்டு

விமான நிலையம் இந்தப் பக்கம்தான். அதனாலேயே எல்லோரும் இறங்கினதும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் மஹேபூர் என்று ஒரு பழைய ஊர். லா பூர்தொன்னேயின் குடும்பப் பெயர் மஹே, அதுதான் ஊருக்கும். நேர்கோட்டுத் தெருக்கள், தகரக் கூரை வீடுகள், மாடியில் மரத் தாழ்வாரம், கீழே துணிக்கடை. சுற்றுலாக்காரர்களுக்கென்று ஜோடித்த எதுவும் இல்லை.

கரையில் நின்றால் எதிரே கிராண்ட் போர்ட் விரிகுடா. 1810 ஆகஸ்டில் ஆங்கிலேயக் கப்பல்கள் நாலையும் பிரெஞ்சுக்காரர்கள் தோற்கடித்த இடம். பாரீஸ் வெற்றி வளைவில் பொறித்திருக்கிற ஒரே கடற்போர் வெற்றி இதுதான். வெற்றி மூன்று மாதம் சொச்சம்தான் தங்கியது. நவம்பர் கடைசியில் ஆங்கிலேயர் யாரும் எதிர்பாராத வட முனையில் படையை இறக்கி டிசம்பரில் தீவையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிரெஞ்சு மொழியையும் சட்டத்தையும் மதத்தையும் தொடமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். 158 வருஷம் ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் பத்திரிகை பிரெஞ்சில் வருவதும், தெருவில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசுவதும், நாடாளுமன்றத்தில் ஆங்கிலம் ஓடுவதும் அதனால்தான். ஊருக்கு வெளியே ஒரு பழைய பிரெஞ்சு மாளிகை இப்போது தேசிய வரலாற்று அருங்காட்சியகம். கிராண்ட் போர்ட் சண்டையில் அடிபட்ட பிரெஞ்சுத் தளபதி துபெரே, ஆங்கிலேயத் தளபதி வில்லபி, இருவரையும் ஒரே வீட்டில் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார்கள். அந்த வீடுதான் இது.

மஹேபூரில் திங்கட்கிழமைச் சந்தை பெரிசு. காய்கறிப் பக்கம் ஒரு வயதான அம்மா கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். கொத்தமல்லிக் கட்டை எடுத்து நான் விலை கேட்க வாயெடுப்பதற்குள் "கொத்தோமிலி" என்றார். தப்பாகக் காதில் விழுந்ததோ என்று அடுத்ததைத் தொட்டேன், கறிவேப்பிலை. "கரிபுலே." முருங்கைக்கீரை? "ப்ரெட் முரூம்." பீர்க்கங்காய், "பிப்பாங்காய்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவரும் சிரித்துவிட்டார். நீங்கள் தமிழா என்று அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். இல்லை, கிரியோல், முன்னோர் மடகாஸ்கர் என்றார். அப்படியானால் இந்தப் பெயர்கள்? கையை விரித்தார். கொத்தோமிலிக்குக் கொத்தோமிலி என்றுதான் பெயர், வேறென்ன சொல்வது என்பது மாதிரி.

காசு கொடுக்க நூறு ரூபாய் நோட்டை எடுத்தேன். மொரீஷியஸ் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ், அதற்குப் பிறகு இந்தி. 1998-இல் வரிசையை மாற்றி இந்தியை முன்னால் அச்சடித்தார்கள். தமிழர்கள் கொதித்தெழ, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறு வருஷம் பழைய வரிசையிலேயே புதிதாக வெளியிட்டார்கள். நூறு ரூபாயில் இருக்கிற முகம் ரங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞருடையது. பெயரை அங்கே எழுதியிருப்பதைப் படித்தால் 'ரெங்கநாதேன் சீனேவாசென்' என்று வரும். பிரெஞ்சு குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை எழுதிவைத்தார்கள். முத்து 'மூத்தூ' ஆனார், சின்னத்தம்பி 'சின்னாதம்பூ' ஆனார். அந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி தூக்குவார்கள், வாழையிலையில் ஏழு கறி போடுவார்கள், ரசத்தை 'ரசோன்' என்பார்கள். 'தமிழ்' என்பதையே மதத்தின் பெயராகச் சொல்கிறவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

சந்தை வாசலில் தால்பூரி விற்கும் வண்டி நிற்கும். கடலைப் பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டது. ஒன்றாகத் தரமாட்டார்கள், ஜோடியாகத்தான். மொச்சை மாதிரி ஒரு பயறுக் குழம்பு, தக்காளித் தொக்கு, காரச் சட்னி தடவிக் காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். 'காத்தோ பிமான்' என்பது நம்ம ஊர்ப் பருப்பு வடையேதான். அதைப் பன்னுக்குள் வைத்துக் காலைச் சாப்பாடாக முடிக்கிறார்கள். இரண்டும் சைவம்.

கடல்? ஊரிலேயே குளிக்கும் கரை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். 6 கிலோமீட்டர் தள்ளி ப்ளூ பே, பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் பவளத்தைப் பார்க்கலாம். கடல் சூடேறிப் பவளம் பல இடத்தில் வெளுத்திருக்கிறது, விளம்பரப் படத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். எதிரில் இல் ஓஸ் எக்ரெட் என்று 26 ஹெக்டேர் குட்டித் தீவு. தீவு முழுக்கக் கருங்காலி மரம் நின்ற காலத்தில் மொரீஷியஸ் எப்படியிருந்தது என்பதன் மிச்சம் அது. 1990 வாக்கில் காட்டில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறா இங்கே தலைக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும். ராட்சத ஆமை வழியை மறித்துக்கொண்டு படுத்திருக்கும். சின்னப் பயல் அங்கிருந்து கிளம்பமாட்டான். இந்தக் கரையில்தான் 2020 ஜூலை 25-ஆம் தேதி 'வாகாஷியோ' கப்பல் பவளத்திட்டில் ஏறி, சில நாளில் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. ஊர்க்காரர்கள் கரும்புச் சோகையைச் சாக்கில் திணித்து மிதக்கும் தடுப்புகள் கட்டினார்கள். இப்போது பார்த்தால் தடம் தெரியாது.

குறைகளையும் சொல்லவேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடும். தங்குமிடங்கள் சின்னவை, லிஃப்ட், நீச்சல் குளம் எதிர்பார்க்கவேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் இங்கேயும் காற்றுதான், கிழக்கு அளவுக்கு இல்லை. மழை மேற்கைவிடக் கூடுதல். ஆறு இரவும் இங்கேயே என்றால் பதின்மூன்று வயதுக்காரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள்.

எந்த மாசம், எதில் போவது

முதல் தடவை நான் போனது ஜனவரிக் கடைசியில், காவடி பார்க்க. பார்த்தேன், பளீரென்ற ரோஜா நிறத் துணியில் நூற்றுக்கணக்கான பேர் வெற்றிவேல் முழங்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்கள், கையில் ரோமன் எழுத்தில் அச்சடித்த முருகன் பாட்டுப் புத்தகம். மறுநாளே புயல் எச்சரிக்கை. பஸ் நின்றது, கடை மூடியது. இரண்டு நாள் அறைக்குள் ரொட்டியும் டின் பயறும் தின்றுகொண்டு ஜன்னல் அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே புயல் அதிகமான காலம். காவடிக்காக மட்டும் அந்த ஆபத்தை எடுக்கலாம்.

நம்ம ஊர்ப் பள்ளி விடுமுறைக்கு மே மாதம் அமைவது அதிர்ஷ்டம்: வெயில் குறைந்து, மழை ஓய்ந்து, காற்று இன்னும் பிடிக்காத நேரம். காலாண்டு விடுமுறைக்குச் செப்டம்பர் கடைசியும் நல்லது. டிசம்பரில் போகாதீர்கள், ஐரோப்பாக்காரர்கள் முழுப்பேரும் அங்கேதான், விலையும் அதற்குத் தக்கபடி. மே என்றாலும் நடுமேட்டில் இருக்கிற க்யூர்பீப்புக்கும் கங்கா தலாவுக்கும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மேலே தூறிக்கொண்டே இருக்கும்.

கார் இடது பக்கம் ஓட்டுவதுதான், நம்மைப்போல. ஆனால் அத்தான் ராத்திரியில் கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. பஸ் மலிவு, எல்லா ஊருக்கும் போகும், வெளியூர்களில் மாலையோடு நின்றுவிடும். போர்ட் லூயிஸிலிருந்து க்யூர்பீப் வரை மெட்ரோ ஓடுகிறது. கட்டியது நம் எல் அண்டு டி. இரண்டு நாளுக்கு மட்டும் டிரைவரோடு கார், மற்ற நாள் பஸ் என்று பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

அத்தானுக்கு நான் எழுதியனுப்பியது இது. மே இரண்டாவது வாரம். முதல் 4 இரவு பெரேபேரில் அபார்ட்மெண்ட். கடல், போர்ட் லூயிஸ் ஒரு நாள், பாம்ப்ளமூஸ் ஒரு நாள். ஐந்தாம் நாள் டிரைவர் வண்டியில் பெட்டியோடு கிளம்பி, லெ மோர்ன், ஷமரேல், கங்கா தலாவ் வழியாகத் தெற்கே சுற்றிக்கொண்டு சாயங்காலம் மஹேபூர். அங்கே 2 இரவு, ஊருக்குக் கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்குக் கால் மணி நேரம். ரிசார்ட்டே பார்க்காமல் வருவதா என்று அவருக்கு மனக்குறை என்றால், பெல் மாரில் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் போய் அந்த மணலிலேயே குளித்துவிட்டு வரட்டும்.

டிக்கெட் போடும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மஹேபூரில் இருக்கும் நாட்களில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கவேண்டும். அக்கா காய்கறிக்காரம்மாவிடம் கறிவேப்பிலை கேட்பதை வீடியோ எடுத்து அனுப்பவேண்டும்.